ஓகஸ்ட் வெயிலுக்கு எதை நடலாம்? ருட்பெக்கியா, எக்கினேசியா, ஹெலினியம், ஆஸ்டர்

ரொறன்ரோவில் விக்டோரியா நாள் விடுமுறை வந்தால் பாதிச் சனம் பூங்கன்றுக் கடையில்தான் நிற்கும். அன்றைக்கு எது பூத்திருக்கிறதோ அதைத்தான் எல்லோரும் தூக்குவோம், நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஜூனில் வீட்டு முன்பக்கம் கலியாண வீடு மாதிரி இருக்கும். ஓகஸ்ட் பாதியில் பெற்றூனியா நீட்டி நெளிந்து, பியோனி இலை சாம்பல் பிடித்து, ரோசாவும் களைத்துப்போய், பார்க்க வெறும் பச்சைதான் மிச்சம். ஊரில் இருந்து சித்தி வந்து நிற்கிறதும் கோயில் திருவிழாவுக்கு வந்த ஆட்கள் வீட்டுக்கு வந்து போகிறதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

ஓகஸ்டில் தொடங்கி ஒக்டோபர் வரை பூக்கிற, குளிர் முடிய அதே வேரில் இருந்து திரும்ப முளைத்து வருகிற செடிகள் வேண்டும் என்றால், நல்ல வெயில் உள்ள பாத்திக்கு டெய்சி மாதிரிப் பூக்கிறவைதான் முதல் தெரிவு. கடையில் இவை பத்துப் பதினைந்து வகை இருந்தாலும் பணம் கொடுக்கிற நேரத்தில் மனம் அலைவது நாலுக்குள்தான்: ருட்பெக்கியா, எக்கினேசியா, ஹெலினியம், ஆஸ்டர். நாலையும் ஸ்காபரோவில் தெற்குப் பார்த்த ஒரே பாத்தியில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதினாறு அடி நீளம், நாலடி அகலம், களிமண்.

முதலில் ஒரு சின்ன வேலை. எக்கினேசியாப் பூ ஒன்றைக் கையில் எடுத்து நடுவால் பிளந்து பாருங்கள். நாங்கள் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கூட்டம். சுற்றிவர இதழ் போல நிற்கிற ஒவ்வொன்றும் ஒரு தனிப்பூ, நடுவில் முள்ளுப் பந்து மாதிரி இருப்பதற்குள் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் நெருக்கி அடுக்கியிருக்கும். அவை எல்லாம் ஒரேயடியாக விரியாது, விளிம்பில் இருந்து உள்ளே வளையம் வளையமாக விரியும். ருட்பெக்கியாவின் கறுப்புக் குமிழில் மஞ்சள் மகரந்த வளையம் ஒன்று நாளுக்கு நாள் மேலே ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரோசா நாலைந்து நாளில் கொட்டுகிற இடத்தில் இவை கிழமைக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுதான். சூரியகாந்தியும் எங்களுடைய செவ்வந்தியும் இதே குடும்பம் என்பதால் இந்தக் கதை அவற்றுக்கும் பொருந்தும்.

சரி, ருட்பெக்கியா. மஞ்சள் இதழ், நடுவில் கறுப்புக் குமிழ், கடையில் பிளாக்-ஐட் சூசன் என்று எழுதியிருப்பார்கள். இங்கேதான் முதல் பொறி. அந்தப் பெயரில் இரண்டு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ருட்பெக்கியா ஹிர்ட்டா என்பது ஒன்று, பூ பெரிது, சிலதில் செம்மரக் கலர் வளையமும் இருக்கும், சட்டியில் பார்த்தால் அதைத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் அது ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விடும். ருட்பெக்கியா ஃபுல்ஜிடா என்பது மற்றது, பூ கொஞ்சம் சின்னது, ஆனால் பத்து வருடம் அதே இடத்தில் நிற்கும். நான் முதல் தடவை ஐந்து ஹிர்ட்டா வாங்கி நட்டு, இரண்டாம் வசந்தத்தில் ஐந்தும் இல்லாமல்போக, குளிர்தான் தின்றுவிட்டது என்று ஒரு வருடம் குளிரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். லேபிளின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற லத்தீன் பெயரைப் பாருங்கள்.

ஃபுல்ஜிடாவில் பிரபலமானது 'கோல்ட்ஸ்டுர்ம்', ஜெர்மன் மொழியில் தங்கப் புயல். 1937 இல் செக் நாட்டு நாற்றுப் பண்ணை ஒன்றில் கண்டெடுத்ததைப் போர் முடிந்த பிறகு ஜெர்மனியின் போட்ஸ்டாமில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த கார்ல் ஃபோர்ஸ்டர் உலகத்துக்கு விட்டார். இரண்டடி, இரண்டரை அடி உயரம், தடி ஊன்றத் தேவையில்லை, களிமண்ணைப் பற்றிக் கவலையே இல்லை, மண்ணுக்கடியில் மெல்லப் படர்ந்து மூன்று கன்று மூன்று வருடத்தில் ஒரு பாய் அகலத்துக்கு வந்துவிடும். குறை ஒன்று உண்டு: செப்டோரியா என்ற பூஞ்சை. அடி இலையில் கரும்புள்ளியாகத் தொடங்கி மேலே ஏறும், மழை கூடின கோடையில் ஓகஸ்ட் கடைசியில் செடியின் கீழ்ப்பாதி கறுத்துப்போய்ப் பார்க்கச் சகிக்காது. செடி சாகாது, அடுத்த வருடம் வரும், ஆனால் வீட்டு முன்பக்கத்தில் வைத்திருப்பவருக்கு அது ஆறுதல் இல்லை. பின்னேரம் ஸ்பிரிங்ளர் போட்டு இலையை இரவு முழுக்க நனைய வைத்ததே நான்தான் என்பது பிறகுதான் விளங்கியது. அடியில் தண்ணீர் விடுங்கள், ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள், புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கிவிடுங்கள். இந்தக் கரைச்சலே வேண்டாம் என்றால் 'அமெரிக்கன் கோல்ட் ரஷ்' என்று ஒன்று இருக்கிறது, இலை ஒடுக்கமாக மயிருடன் இருக்கும், இந்த நோயை நன்றாகத் தாங்கும், அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிச் சங்கமான பெரெனியல் பிளான்ட் அசோசியேஷன் 2023 க்கான செடியாகத் தெரிவு செய்தது. கோல்ட்ஸ்டுர்முக்கும் 1999 இல் அதே விருது கிடைத்தது. இன்றைக்குப் புதிதாக வாங்குவதென்றால் நான் கோல்ட் ரஷ்தான் எடுப்பேன்.

எக்கினேசியா பற்றிப் பேசினால் எங்கள் ஆட்கள் முதலில் மருந்துக்கடையைத்தான் நினைப்பார்கள். ஆம், தடிமனுக்கு விற்கிற குளிசையில் இருப்பது இதே செடி. தோட்டத்தில் அது வேறு ஆள்: மூன்றடி உயரம், கொஞ்சம் கீழே சாய்ந்த ஊதா-இளஞ்சிவப்பு இதழ், நடுவில் செம்மஞ்சள் முள்ளுக் கூம்பு. ஜூலையிலேயே தொடங்கிவிடும், ஓகஸ்ட் முழுக்க நிற்கும், செப்டெம்பரில் மெல்ல ஓயும். அதாவது நாலுக்குள் இதுதான் முந்தி முடிக்கிறது.

வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் இது அசையாது. பயப்படுவது குளிர்காலத்து ஈரத்துக்கு. பனிக் குளிர் இதைக் கொல்வது குறைவு, உருகின பனித்தண்ணீர் களிமண்ணில் வடியாமல் நின்று வேரும் தண்டும் சேர்கிற வேர்த்தலையை அழுக வைப்பதுதான் கொல்கிறது. இங்கே ஒரு வெட்கக்கேடான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செம்மஞ்சள் கலரில் அடுக்கு இதழோடு, பொம்பொம் மாதிரி, ஒரு புது ஹைபிரிட்டைச் சாதாரணத்தை விட இரட்டிப்பு விலை கொடுத்து மூன்று வாங்கினேன். முதல் கோடை அயலட்டைச் சனம் எல்லாம் நின்று பார்த்தது. ஏப்ரலில் தோண்டிப் பார்த்தால் மூன்றும் கூழ். அதே பாத்தியில் இரண்டடி தள்ளி நிற்கிற பழைய 'மேக்னஸ்' அசையவே இல்லை. பர்ப்யூரியா என்கிற சாதாரண ஊதா இனம், 'மேக்னஸ்', வெள்ளைக்கு 'வைட் ஸ்வான்', இவற்றை நம்பலாம். புதுக் கலர்களை ஆசைக்கு வாங்குங்கள், நீண்டகாலத்துக்கு நம்பி வாங்காதீர்கள். அடுக்குப் பூக்களில் தேனீக்களும் அவ்வளவாக உட்காராது, ஒற்றை இதழ்ச் செடியில் மொய்க்கிற கூட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று, பூவின் நடுக் கூம்பு பச்சையாகக் கொம்பு கொம்பாக முளைத்துக் கோரமாக வந்தால் அது புதுவகை அழகு இல்லை, ஆஸ்டர் யெலோஸ் என்கிற நோய், தத்துப்பூச்சி கொண்டுவருவது, மருந்து கிடையாது. கன்றை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடவேண்டும். மனம் வராதுதான். முயல் தொல்லையும் இதற்குத்தான் கூட, வசந்தத்தில் குருத்து வருகிற கையோடு கம்பிவலை போடாவிட்டால் மொட்டை அடித்துவிடும். ஆனால் பூ முடிந்த பிறகு தலைகளை வெட்டாமல் விட்டால் மஞ்சள் குருவிகள், கோல்ட்ஃபிஞ்ச், வந்து தண்டில் தொங்கி விதையைக் கொறிக்கிற காட்சிக்காக இந்தச் செடிக்கு எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

ஹெலினியம் எனக்குக் கண்ணில் பிடித்த பூ. செம்பு, துரு, எரிந்த செங்கல், தேன் என்று மற்ற மூன்றிலும் இல்லாத கலர்கள், பாவாடைக் கரை மாதிரி நுனியில் வெட்டு விழுந்த இதழ், நடுவில் வெல்வெட் பந்து. 'மோர்ஹைம் பியூட்டி' என்ற செம்புச் சிவப்பு 1930 இல் நெதர்லாந்தின் டெடெம்ஸ்வார்ட்டில் இருந்த ரூய்ஸ் குடும்பத்து நாற்றுப் பண்ணையில் வந்தது, இன்றைக்கும் அதை மிஞ்ச ஆள் குறைவு. ஊர்ப்பெயர் ஸ்னீஸ்வீட், தும்மல் களை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், முந்திக் காய்ந்த இலையைப் பொடிமட்டை போல மூக்கில் இழுத்ததால் வந்த பெயர் அது, மகரந்தம் காற்றில் பறந்து தும்ம வைப்பதில்லை. ஆடு மாடு தின்றால் நஞ்சு என்பது உண்மை. அந்தக் கசப்பால்தான் முயல் கிட்டப் போவதில்லை, எனக்கு அது லாபம்.

ஆனால் நாலுக்குள் அதிகம் வேலை வாங்குவதும் இதுதான். இயற்கையில் ஈரப் புல்வெளியிலும் ஆற்றோரத்திலும் வளர்கிற செடி, அதைக் கொண்டுபோய் டிரைவ்வேயின் தார்ச் சூட்டுக்குப் பக்கத்தில் நட்டால் என்ன நடக்கும்? எனக்கு நடந்தது இது: ஜூலையில் ஒரு கிழமை நயாகராவுக்குப் போய் வந்தோம், வந்து பார்க்க அடியில் இருந்து ஓரடிக்கு இலை எல்லாம் காய்ந்த புகையிலை. மிஞ்சின தண்டு மேலே நாலடிக்கு வளர்ந்து, ஓகஸ்ட் இடிமழை ஒன்றில் புல்லுக்கு மேல் படுத்துவிட்டது. இரண்டு பாடம். ஒன்று, மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும், பூ ஒன்றிரண்டு கிழமை பிந்தும், ஆனால் கிளைத்துக் கட்டையாக நிற்கும். மற்றது, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிண்டிப் பிரித்து நடவேண்டும், இல்லாவிட்டால் நடுப்பாகம் செத்து மோதிரம் மாதிரிச் சுற்றிவர மட்டும் முளைக்கும்.

பிறகு நான் அதைப் பாத்தியின் மற்ற மூலைக்கு மாற்றினேன். ரொறன்ரோ நகரசபை கூரைத் தண்ணீர்க் குழாய்களை நிலத்தடிக் கால்வாயில் இருந்து கழற்றச் சொல்லிச் சட்டம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும், அதற்குப் பிறகு எங்கள் குழாய்த் தண்ணீர் எல்லாம் அந்த மூலையில்தான் கொட்டுகிறது. எக்கினேசியா செத்த மூலையும் அதுதான். அதே இடத்தில் ஹெலினியம் மூன்று வருடமாக இலை வாடாமல் நிற்கிறது.

ஆஸ்டருக்கு வருவோம். தாவரவியலாளர்கள் 1990 களில் வட அமெரிக்க ஆஸ்டர்கள் பலவற்றின் பெயரை சிம்ஃபியோட்ரைக்கம் என்று மாற்றிவிட்டார்கள், லேபிளில் அதைக் கண்டு குழம்ப வேண்டாம், சொல்லிப் பழகவும் தேவையில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் வேறு: நியூ இங்கிலாந்து ஆஸ்டர், நியூயோர்க் ஆஸ்டர் என்று இரண்டு கூட்டம். நியூயோர்க்கின் இலையில் வெள்ளைப் பூஞ்சை மாவு தூவினது போல விழும். நியூ இங்கிலாந்து அதைக் கூடத் தாங்கும், போதாததற்கு ஒன்ராறியோவின் சொந்தச் செடி, நெடுஞ்சாலையோரம் கோல்டன்ராட்டோடு சேர்ந்து செப்டெம்பரில் ஊதாவாகப் பூத்திருப்பது அதுதான். நாலடி ஐந்தடி போகும். அடிக்கால் இலை உதிர்ந்து குச்சியாகத் தெரியும் என்பதால் முன்னுக்கு ருட்பெக்கியா மாதிரி ஒன்றை நட்டு மறைக்க வேண்டும். உயரம் வேண்டாம் என்றால் 'பர்ப்பிள் டோம்', ஒன்றரை அடியில் நின்றுவிடும்.

மற்ற மூன்றும் ஓய்கிற நேரம் இது தொடங்குவதுதான் இதன் பெறுமதி. மோனாக் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிக்கோவுக்குப் புறப்படுகிற காலமும் செப்டெம்பர்தான், ஸ்காபரோ பிளவ்ஸ் என்கிற ஏரிக்கரைச் செங்குத்துக்கு மேலே இருக்கிற ரொசெட்டா மக்லேன் தோட்டத்தில் அந்த மாதம் போய் நின்றால் ஆஸ்டரில் அவை வந்து இறங்குவதை ஆறுதலாகப் பார்க்கலாம். என் வீட்டில் இரண்டு செடிதான், இருந்தும் வெயில் ஏறின ஒரு காலையில் ஏழெட்டு ஒன்றாக இருந்தது.

குறை? ஜூனில் அது அச்சொட்டாகக் களை மாதிரி இருக்கும். மாமா வந்து நின்ற கோடையில் உதவி செய்கிறேன் என்று நான் வேலைக்குப் போன நேரம் இரண்டையும் வேரோடு பிடுங்கி, பாத்தியை அழகாகக் கொத்திச் சாணகம் தெளித்த முற்றம் மாதிரி வைத்திருந்தார். என்ன சொல்வது, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இப்போது ஆஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பெயர்க்குச்சி நிற்கிறது. விதை விழுந்து கண்ட இடமெல்லாம் முளைப்பதும் உண்டு, வேண்டாதவர்கள் பூ முடிந்த கையோடு தலையை வெட்டிவிடலாம்.

மற்றவற்றைப் பற்றி விரைவாக: ஷாஸ்டா டெய்சி வெள்ளைவெளேரென்று அழகுதான், ஆனால் இங்கே அதன் பெரிய ஆட்டம் ஜூலையோடு முடிந்துவிடும். கைலார்டியா விடாமல் பூக்கும், களிமண்ணில் இரண்டு குளிரைத் தாண்டாது. பல்லாண்டுச் சூரியகாந்தி 'லெமன் குயின்' ஆறடிக்கு மேல் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் வளவையும் சேர்த்துப் பிடிக்கும், பெரிய காணி உள்ளவர்களுக்கு மட்டும். செப்டெம்பரில் பலசரக்குக் கடை வாசலில் குவித்து விற்கிற செவ்வந்திச் சட்டிகள் பூசைக்கும் படிக்கட்டுக்கும் நல்லது, ஆனால் அந்த நேரத்தில் நிலத்தில் நட்டால் வேர் பிடிக்க முதல் குளிர் வந்துவிடும், அடுத்த வருடத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்போ எதை வாங்குவது? கலரைப் பார்த்துத் தெரிவு செய்தால் என்னைப் போல மூன்று வருடமும் ஒரு கட்டுக் காசும் போகும். முதலில் தண்ணீரைப் பாருங்கள். பாத்தியில் ஓரடி ஆழத்துக்கு ஒரு கிடங்கு கிண்டி (கட்டிட மண்ணாக இருந்தால் அலவாங்கு தேவைப்படும், அது இங்கேயும் கிடைக்கிறது), தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் தரம் நிரப்பி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போய்விட்டால் எக்கினேசியா வைக்கலாம். அடுத்த நாள் காலையிலும் நின்றால் எக்கினேசியாவை மறந்துவிட்டு ஹெலினியத்தை யோசியுங்கள். இடைநடுவாக இருந்தால் ருட்பெக்கியாவும் ஆஸ்டரும். ஒரே பாத்தியிலேயே இந்த மூன்றும் இருக்கலாம், எனக்கு இருந்தது: டிரைவ்வேப் பக்கம் காய்ச்சல், நடுவில் சுமார், குழாய் மூலையில் சதுப்பு. ஒரே செடியை வரிசைக்கு நட்டபோது ஏதோ ஒரு மூலை எப்போதும் செத்தது அதனால்தான்.

வேலைக்கும் பிள்ளைகளின் வகுப்புகளுக்கும் ஓடுகிறவர், கிழமைக்கு அரை மணித்தியாலம் கூடத் தோட்டத்தில் நிற்க முடியாதவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், முன்னுக்கு ஐந்து ருட்பெக்கியா, பின்னுக்கு இரண்டு நியூ இங்கிலாந்து ஆஸ்டர், அவ்வளவுதான். மஞ்சளும் ஊதாவும் செப்டெம்பரில் கொஞ்ச நாள் ஒன்றாக நிற்கும். பின்னேரம் வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதே நிம்மதி என்கிறவருக்கு ஹெலினியம். எக்கினேசியாவை மூன்று மூன்றாக நடுங்கள், தனியாக நின்றால் அநாதை மாதிரி இருக்கும், முதல் வருடம் பூவை விட வேர் முக்கியம் என்று சில தண்டுகளை வெட்டவும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நாலுக்கும் பொதுவாக ஒரு நாளில் ஆறு மணி நேர வெயில் வேண்டும். வேலி நிழல் விழுகிற இடத்தில் எதை வைத்தாலும் சாய்ந்து நீளும்.

காசு கொடுக்க முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரன்ஸ்-லெஸ்லி சந்திப்பில் இருக்கிற ரொறன்ரோ தாவரவியல் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். அதன் நுழைவுத் தோட்டத்தை வடிவமைத்தவர் நெதர்லாந்தின் பீட் அவுடோல்ஃப், இந்த வகைப் பூக்களையும் புற்களையும் கலந்து நடுவதில் உலகப் பெயர் எடுத்தவர். லேபிள் படத்தை நம்புவதை விட வளர்ந்த செடி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் பார்ப்பது நல்லது. மேயில் போனால் பிரயோசனம் இல்லை, ஓகஸ்ட் கடைசியில் போங்கள். கடைகளில் விலை இறங்குகிறதும் அப்போதுதான், செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் நட்டு, நிலம் உறைகிற வரை தண்ணீர் விட்டால் வேர் பிடித்துவிடும். காய்ந்த தண்டுகளை ஏப்ரல் வரை வெட்டாமல் விடுங்கள், பனி தொப்பி போட்டு நிற்கிறதைப் பார்க்கவும் குருவி வரவும் அது வேண்டும்.

என் ருட்பெக்கியா இந்த வருடம் நடைபாதைக்கு வந்துவிட்டது, செப்டெம்பர் முதற்கிழமை கிண்டிப் பிரிக்கப்போகிறேன். அம்மா பிள்ளையாருக்கு வைக்க ஒரு பங்கு விடச் சொல்லியிருக்கிறா, செவ்வந்தி இல்லாவிட்டால் இதுவும் மஞ்சள்தானே என்பது அவவின் கட்சி. மிச்சம் ஏழெட்டுப் பிடி இருக்கும், ஸ்காபரோவில் இருக்கிறவர்கள் ஒரு பழைய அரிசிப் பையோடு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.